கயிறு வீசியவர்களுக்கு என் நன்றி

ஜூன் மாதம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சவுத் ஃபோர்க் பயெட் ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்து அடித்துச் செல்லப்பட்டவன் நான். விலகிய தோள் மூட்டு இப்போதுதான் எழுதவிடுகிறது. கரை சேர்த்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் என் மொழியில் நாலு பேர் அறியச் சொன்னால்தான் மனம் ஆறும்.

அன்று காலை, படகை இறக்கும் முன், குழுவில் மூத்த அம்மா ஒருவர் வால்ட் பிளாக்கடாரைப் பற்றிச் சொன்னார். சால்மன் என்ற சிற்றூரின் மருத்துவர். 1971-இல், 49 வயதில், கனடாவின் அல்செக் ஆற்றில் பனிப்பாறைகள் மிதக்கும் டர்ன்பேக் பள்ளத்தாக்கைத் தன்னந்தனியாகக் கடந்தவர். 1978 மே மாதம் இதே சவுத் ஃபோர்க்கில், குறுக்கே கிடந்த மரமொன்றில் சிக்கி இறந்தார். அருகிலுள்ள கார்டன் வேலி என்ற ஊரில் அடக்கம். இந்தப் பள்ளத்தாக்கில் நீர் சீறிப் பாயும் ஓர் இடத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பாறையில் மோதும் நீர் விலகி ஓடும். நம்மையும் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளும். விழுந்த மரத்தின் கிளைகளுக்குள் நீர் மட்டும்தான் புகுந்து போகும், ஆள் போக முடியாது. அதனால் எங்கள் குழுவினர் அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத ஆற்று வளைவு எதையும் நம்புவதில்லை. ஒருவர் இறங்கிக் கரையோரம் நடந்து மரம் கிடக்கிறதா என்று பார்ப்பார். இன்னொருவர் நீரில் விழுந்தவருக்கு வீசும் கயிற்றுப் பையோடு கீழே பாறையில் நிற்பார். "வால்ட்டுக்காக" என்றார் அந்த அம்மா. நேரம் வீணாகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பொறுமையில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மதியம் என் படகு கவிழ்ந்தது. படகோடு இரண்டு முறை உருண்டு நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. படகைவிட்டு வெளியே வந்தபோது தோள் கழன்றிருந்தது. வளைவு தாண்டியதும் வலப்பக்கம் ஒரு பைன் மரம் நீரில் சாய்ந்து கிடந்தது. அதற்கு முன்பே மஞ்சள் கயிறு என் முகத்துக்கு நேரே வந்து விழுந்தது.

கயிறு வீசிய இளைஞரே, இடுப்பளவு நீரில் இறங்கி என்னை இழுத்த அண்ணன் தம்பி இருவரே, மருத்துவமனை வரை வண்டியோட்டி இரவு வரை கூடவே உட்கார்ந்திருந்த அம்மா, உங்களால்தான் என் மகள் அன்றிரவு என்னோடு போனில் பேசினாள்.

நீங்கள் போர்த்திவிட்ட நீலக் கம்பளிச் சட்டை என்னிடம்தான் இருக்கிறது, அம்மா. துவைத்து வைத்திருக்கிறேன். மே மாதம் கார்டன் வேலிக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.