உங்கள் மகள், என் தங்கை

ஏற்காடு,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகம். மார்ச் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்தது. ஒன்பதாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் தோட்டம் முழுக்க வெள்ளை. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ஒவ்வொரு காபிச் செடியும் மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டது போல நின்றது. வாசனை சமையலறை வரைக்கும் வந்தது. மூன்றே நாளில் பூவெல்லாம் பழுப்பாகிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மிளகுக் கொடிகளைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடிவதில்லை.

போன மாதம் நீ தொலைபேசியில் பேசியதிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னாய். ஒளிக்காமல் சொன்னதற்காக உன்மேல் மதிப்புக் கூடியது. பிறகு ஒரு கேள்வி கேட்டாய். மனிதர்களைப் புரிந்துகொள்ள உளவியல் இருக்கிறது, என் குறையை முகத்துக்கு நேரே சொல்ல நண்பர்கள் இருக்கிறார்கள், விசுவாசம் மட்டுமே உங்களுக்குக் காட்டிய ஒன்று உண்டா அம்மா என்று. நான் பேச்சை மாற்றினேன். பதில் இல்லாமல் மாற்றவில்லை. பதில் சொல்ல வேண்டுமானால், உன் கண் முன்னால் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் எடுக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

உனக்கு அப்போது 15 வயது. பாட்டி இறந்த பிறகு வந்த முதல் உயிர்த்தெழுதல் பண்டிகை. அதிகாலை ஆராதனை. சேலத்திலிருந்து உன் சித்தி வந்திருந்தாள். நம் வரிசையிலேயே வந்து நின்றாள். எனக்கு வலப்பக்கம் நீ, இடப்பக்கம் அவள். அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு முன், ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் பரிமாறும் நேரம் வந்தது. முன் வரிசையிலிருந்து ஓர் அம்மையார் திரும்பி என் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து மூடினார். அடுத்து நான் கொடுக்க வேண்டியது பக்கத்தில் நின்ற என் உடன்பிறப்புக்கு. அவள் கைகளை நீட்டிவிட்டாள். நான் அவளைத் தாண்டிப் பின் வரிசைக்குத் திரும்பி வேறொருவருக்குக் கொடுத்தேன்.

நீ பார்த்தாய். நீ பார்த்ததை நானும் பார்த்தேன். இருவரும் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. அன்று உன் மனதில் எது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ ஆலயத்தை விட்டு விலகினதாகச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது காற்றில் நின்ற அந்த இரண்டு கைகள்தான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கையைக் கைக்குள் வைத்துக் கொடுக்கும் அந்த வழக்கம் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா, நினைவில்லை. நம் மலையில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் கட்டிக்கொண்ட பரிசுத்த திரித்துவ ஆலயம் ஆங்கிலிக்கன் சபையுடையது. கீழே சேலத்தில் 1827 முதல் ஊழியம் செய்தது லண்டன் மிஷன் என்ற வேறொரு சங்கம். ஒரே கர்த்தரைத்தான் இருவரும் ஆராதித்தார்கள், ஆனால் ஒரே பந்தியில் அமர முடியாதபடி சபைச் சட்டங்கள் நின்றன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் இந்தச் சபைகள் ஒன்றாகி, தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அந்த ஒன்றுபட்ட சபை தனக்கென்று திருவிருந்து ஒழுங்கை எழுதியபோது, கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவர்களிடம் நெடுங்காலமாக இருந்த இந்தக் கைச் சமாதானத்தை எடுத்துச் சேர்த்தது. பிரிந்திருந்தவர்கள் ஒன்றாகியதன் அடையாளமாக வந்த செய்கை அது. அதைத்தான் நான் என் தங்கையைத் தாண்டிப் போவதற்குப் பயன்படுத்தினேன்.

என் கோபத்துக்குக் காரணம் உனக்கு ஓரளவு தெரியும். பாட்டி 6 ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். மாற்றுத் துணி, மருந்து, கஞ்சி, இரவில் இரண்டு முறை புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாம் நான். பள்ளிக்கூட வேலையையும் விடவில்லை. அவள் வந்தது எண்ணி நான்கைந்து முறை. இதற்கிடையே பாட்டியின் அட்டிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தாள். விசைத்தறிக்கு நூல் வாங்கிய கடன் என்றாள். அட்டிகை மூழ்கிப்போனது.

நான் பாட்டியிடம் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "உங்கள் மகள்" என்றேன். உங்கள் மகள் இன்றைக்கும் வரவில்லை, உங்கள் மகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. உன்னிடம் பேசும்போது "உன் சித்தி". அப்பாவிடம் "உங்கள் கொழுந்தியாள்". எத்தனையோ வருடம் என் வாயிலிருந்து "என் தங்கை" என்ற சொல் வரவேயில்லை. இது எனக்கே தெரியாமல் நடந்தது. அந்த வருடங்கள் முழுவதும் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தேன். பாவ அறிக்கை ஜெபத்தை வாரந்தோறும் சத்தமாகச் சொன்னேன். என் வைராக்கியம் அதற்குப் பக்கத்திலேயே சுகமாகக் குடியிருந்தது. ஆகவே, ஆலயத்துக்குப் போனாலே மனிதன் தன்னை அறிந்துகொள்வான் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அது உண்மை இல்லை.

பிறகு, நீ வேலைக்குப் போன பின், லெந்து என்னும் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிசேஷ பாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. லூக்கா 15. கெட்ட குமாரன் கதை. இளையவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான், தகப்பன் அவனுக்கு விருந்து வைக்கிறார். எத்தனை முறை வாசித்தது, மனப்பாடம். மூத்தவன் வீட்டுக்குள் வர மறுத்து வாசலில் நின்று தகப்பனிடம் பேசும் இடத்துக்கு வந்தேன். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று தொடங்குகிறான். தம்பியைப் பற்றிச் சொல்லும்போது "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தம்பி என்று சொல்லவில்லை.

அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது, கண்ணு. அது என் பேச்சு. சொல்லுக்குச் சொல் என் பேச்சு. சபையார் எனக்கு இருமல் வந்ததாக நினைத்திருப்பார்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்தேன். தகப்பனுடைய பதிலில் அவர் அந்தச் சொல்லைத் திருத்துகிறார்: "உன் சகோதரனாகிய இவன்." அதட்டவில்லை, விவாதிக்கவும் இல்லை. அவன் அறுத்துப்போட்ட உறவை ஒரே சொல்லில் திரும்பக் கட்டிவிடுகிறார்.

இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையும் இப்படித்தான் வேலை செய்தது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன்மேல் ராஜா கொதித்தெழுந்தான். கொதித்து முடித்த பிறகு "நீயே அந்த மனுஷன்" என்றார் தீர்க்கதரிசி. அடுத்தவன் முகத்தில் நமக்குத் தெளிவாகத் தெரிவது நம் முகத்தில் தெரிவதில்லை. நேரே சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வோம். உளவியல் படித்தவர் ஒருவரிடம் போயிருந்தால் என் கோபத்தின் வேரை அவர் எனக்குக் காட்டியிருக்கக்கூடும். அது பெரிய உதவிதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவரிடம் நான் என் 6 ஆண்டுகளையும் எடுத்துச் சொல்லி, நியாயம் என் பக்கம் என்று கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பேன். நியாயம் என் பக்கம்தான் இருந்தது. மூத்தவன் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தோடு அவன் இருட்டில் வெளியே நின்றான். இதைத்தான் எனக்கு வேறு யாரும் காட்டியிருக்க முடியாது.

அந்த வாரமே சேலத்துக்குப் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பலகைகள் 20-ல் தொடங்கி இறங்க இறங்கக் குறைந்துகொண்டே போகும் அல்லவா. ஒவ்வொரு எண்ணுக்கும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஏழாவது வளைவில் நான் பேசப்போகும் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தேன். அதிலும் பாதி அவளுடைய குற்றங்கள்தான் இருந்தன.

அம்மாபேட்டையில் அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. தறி ஓடும் சத்தம் இல்லை. தறிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அவள் தரையில் பழைய சேலையை விரித்து, கொலுசுகளில் சிறு சலங்கைகளைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றிலிருந்து எடை போட்டுக் கொடுப்பார்களாம், எடை போட்டுத் திருப்பி வாங்குவார்களாம். ஒரு கிராம் குறைந்தாலும் கூலியில் பிடிப்பார்களாம். கண்கள் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தன. நகையை விற்றுச் சுகமாக வாழ்கிறாள் என்று நான் வைத்திருந்த படம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "சாப்பிட்டாயா அக்கா?" என்றாள்.

ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. உட்கார்ந்து அவளோடு சலங்கை கோர்த்தேன். வெகுநேரம் கழித்துத்தான் சமாதானத்தைப் பற்றிப் பேசினேன், அன்று உன் கையை விட்டுவிட்டேன் என்று. அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மா படுத்திருந்ததைப் பார்க்கத் தனக்குத் தைரியம் வந்ததில்லை என்றாள். ஒவ்வொரு முறையும் என் வீட்டு வாசலில் ஏறும்போது, நான் அவளுக்குக் கணக்கு வாசிக்கப்போகிறேன் என்று வயிற்றைப் பிசையுமாம். நான் கணக்கு வாசிக்கத்தான் செய்தேன். அவள் வராததற்கு நானும் ஒரு காரணம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் உன்னிடம் பொய் சொன்னவளாவேன். அட்டிகை போனது போனதுதான். அதற்காக அவள் வருத்தம் தெரிவித்ததுமில்லை. சில சமயம் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: அடித்துத் துன்புறுத்தியவரிடம் திரும்பிப் போ என்று எந்தப் பெண்ணிடமும் நான் இந்தக் கதையைக் காட்டிச் சொல்ல மாட்டேன். என் காரியம் வேறு. இங்கே என் உயிருக்கு ஆபத்து இல்லை, என் பெருமைக்குத்தான் ஆபத்து இருந்தது.

தேவனைப் பற்றி எழுதாமல் முடிக்கக்கூடாது, ஏனென்றால் நீ கேட்டதன் நடுவில் அவர்தான் இருக்கிறார். 30 வருடத்துக்கு மேல் வருகைப் பதிவேட்டில் குறி போட்ட வாத்தியார் நான். தேவனையும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டிருப்பவராக. என் 6 ஆண்டுகள் அவர் ஏட்டில் என் பெயருக்கு நேரே இருக்கின்றன என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் இருந்தது. ஆனால் இயேசு சொன்ன தகப்பன் ஏட்டோடு வரவில்லை. "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்" என்று எழுதியிருக்கிறது. உள்ளே விருந்து நடக்கிறது. வீட்டுக்கு உரியவர் விருந்தை விட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் மகனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். அவன் பிறகு உள்ளே போனானா இல்லையா என்று கதையில் இல்லை. அவர் வெளியே நிற்பதோடு கதை நின்றுவிடுகிறது. நான் வெளியே நின்ற அத்தனை வருடமும் அவரும் என்னோடு வெளியே நின்றிருக்கிறார். எனக்குத் தெரிந்த தேவன் இவர்தான். இவரை நான் என் தங்கையின் வீட்டு வழியாகத்தான் அறிந்தேன். என்னை அறிந்ததும், அவளை அறிந்ததும், அவரை அறிந்ததும் எனக்கு மூன்றாக வரவில்லை, ஒரே பஸ் பயணத்தில் வந்தன.

வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த பரிசுத்த அகுஸ்தீன் (354–430) செய்த ஒரு சிறு ஜெபம் உண்டு: நான் என்னை அறிய வேண்டும், நான் உம்மை அறிய வேண்டும். அவருடைய தாய் மோனிக்கா, மகன் விசுவாசத்துக்கு வர வேண்டும் என்று ஆண்டாண்டாக அழுது ஜெபித்தவர். அகுஸ்தீன் தாயிடம் சொல்லாமல் கப்பலேறி ரோமாபுரிக்குப் போனபோது, தாயும் பின்னாலேயே இத்தாலிக்குப் போனார். நான் அப்படி வர மாட்டேன். ஜெபிப்பதை மட்டும் நிறுத்த மாட்டேன், அதைச் சொல்லாமல் செய்வதைவிடச் சொல்லிச் செய்வது நல்லது என்று எழுதுகிறேன். ஆலயத்துக்குப் போ என்று கேட்கவில்லை. லூக்கா 15-ஐ ஒருமுறை தனியாக வாசி. உனக்கு அதில் எந்த இடத்தில் குரல் நிற்கிறது என்று எனக்கு எழுது. எங்கும் நிற்கவில்லை என்றாலும் எழுது.

மே மாதத்தில் சேர்வராயன் கோவில் திருவிழா வந்துவிட்டால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அதற்கு முன்பே என் தங்கை வருகிறாள், ஒரு வாரம் இருப்பாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள், கோர்க்கும் வேலையைக் குறைத்திருக்கிறாள். உன் அறையில்தான் படுக்கை போடப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ பேசினால் அவளிடம் கொடுக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா