ஒரு டால்டன் இடிக்கும்போது

மண்டபம்

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். தடைக்காலம் முடிந்து இழுவைமடி கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. கழிசலோடு கூம்பு நத்தையும் ஏறுகிறது. தென்கடலில் கச்சான் இன்னும் ஓயவில்லை.

கூம்பு நத்தை விஷப் பெப்டைடுக்கு (சிறு புரதத் துண்டு) நீ கூட்டிய நிறைக்கும் கருவி காட்டும் நிறைக்கும் ஒரு டால்டன் (அணு நிறை அலகு, ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன்) இடிக்கிறது என்று எழுதியிருந்தாய். நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியைத் திட்டுமுன் உன் கூட்டலைப் பார். எந்தப் பக்கம் இடிக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

கோனஸ் ஜியாக்ரபஸ் என்ற கூம்பு நத்தையின் ஜி.ஐ. பெப்டைடையே எடுத்துக்கொள். 13 அமினோ அமிலம், அதில் 4 சிஸ்டீன். சங்கிலியில் கோத்த அமினோ அமில எச்சங்களின் நிறையைக் கூட்டி ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்த்தால் 1441.4996. சிஸ்டீன்களை இரண்டிரண்டாகக் கட்டும் டைசல்பைடுப் பிணைப்பு இரண்டுக்கு 4 ஹைட்ரஜன், அதாவது 4.0313 கழி. சங்கிலியின் கடைசி முனை (C முனை) அமிலமாக இல்லாமல் அமைடாக இருப்பதால் இன்னொரு 0.9840 கழி. மிச்சம் 1436.4842. மின்னூட்டம் தரும் புரோட்டான் 1.0073 சேர்த்தால் திரையில் 1437.4915 வரவேண்டும். சிலர் புரோட்டானுக்குப் பதில் ஹைட்ரஜன் அணுவின் 1.0078-ஐப் போடுவார்கள். ஒரு மின்னூட்டத்துக்கு வித்தியாசம் 0.0005 தான், பத்து மின்னூட்டம் ஏறிய புரதத்தின் நிறையில் அது பத்து மடங்காகும்.

கருவி குறைவாகக் காட்டினால் இரண்டு சந்தேகம். 0.984 குறைந்தால் அமைடைக் கழிக்க மறந்திருக்கிறாய். 1.1 குறைந்தால் மிக இலேசான ஐசோடோப்பின் நிறைக்குப் பதில் எல்லா ஐசோடோப்புகளின் சராசரி நிறை அட்டவணையைப் போட்டுக் கூட்டியிருக்கிறாய். கூடுதலாகக் காட்டினால் அஸ்பராஜின் டீஅமிடேட் ஆகியிருக்கலாம், அதாவது அதன் அமைடு அமிலமாக மாறியிருக்கலாம் (0.9840), அல்லது மென்பொருள் முதல் பீக்கை (முகட்டை) விட்டு, கனமான கார்பன்-13 ஒன்று உள்ள மூலக்கூறின் பீக்கைப் பிடித்திருக்கலாம் (1.0034). இரண்டுக்கும் இடைவெளி 0.0194 தான், இந்த நிறையில் சுமார் 13 பிபிஎம் (பத்து லட்சத்தில் 13 பங்கு). கருவியின் கேலிப்ரேஷன் (அளவுத் திருத்தம்) 20 பிபிஎம் தள்ளியிருந்தால் நிறையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஐசோடோப் பீக்குகளின் கொத்தைத் திரையில் பெரிதாக்கி இடதுகோடிப் பீக்கைத் தேடு.

உன் தாளில் இன்னொரு பிசகு. டைசல்பைடை உடைத்து ஒவ்வொரு சிஸ்டீனையும் ஐயோடோஅசிட்டமைடு கொண்டு மூடும் அல்கைலேஷனுக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை 57.02-ஆல் வகுத்திருக்கிறாய். டைசல்பைடு உடையும்போது ஒவ்வொரு சிஸ்டீனும் ஒரு ஹைட்ரஜனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறதே, வகுக்க வேண்டியது 58.0293. ஜி.ஐ.க்குப் புரோட்டான் சேர்க்காமல் 1668.6014 வரும், நான்கு சிஸ்டீன் சரியாக விழும். ஐயோடோஅசிட்டமைடு மிஞ்சினால் சங்கிலியின் தொடக்க முனையிலும் (N முனை) ஒட்டும். அந்த 57.0215 ஒரு கிளைசீனின் நிறையேதான், வரிசையில் இல்லாத கிளைசீனைப் போய்த் தேடாதே.

22 கூடினால் சோடியம் ஒட்டியிருக்கிறது. 78 கூடி, இரண்டு தள்ளி ஏறக்குறைய அதே உயரத்தில் ஜோடிப் பீக் நின்றால் டிரிப்டோஃபனில் புரோமின்.

அடுத்த தபாலில் பீக் பட்டியல் வேண்டாம், மூலக் கோப்பையே அனுப்பு.

உன்
மண்டபத்து மச்சான்