வெள்ளிக்கிழமைப் படங்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

கடலூர்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரல் நுனியெல்லாம் வண்ணமாக வீட்டுக்கு வருகிறார்கள். சட்டை துவைத்துக் களைத்த இரண்டு அம்மாக்கள் நேரில் வந்து கேட்டே விட்டார்கள். கேட்டது நியாயம்தான். கறைக்கு வழி கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளுக்கு ஆயில் பேஸ்டல் கொடுத்து, இஷ்டம்போல் வரையச் சொல்கிறோம். மார்க் கிடையாது, போட்டி கிடையாது. வாயால் சொல்ல வராதது தாளில் வந்தால் வரட்டும் என்பதுதான் நோக்கம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு, டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் கேட்டோம். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" "வந்துச்சு டீச்சர்." "பயமா இருந்துச்சா?" "இல்ல டீச்சர்." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்கப்புறம் பல மாதம், வானம் கறுத்தாலே தரையில் கிடந்த புத்தகப் பையைச் சத்தமில்லாமல் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தேன்.

முதலில் பென்சிலும் கலர் பென்சிலும்தான் கொடுத்துப் பார்த்தோம். முக்கால்வாசிப் பேர் ஒரே படத்தை வரைந்தார்கள்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. கடலூரில் ஏது இரண்டு மலை? கேப்பர் மலையைக் கணக்கில் சேர்த்தாலும் ஒன்றுதான் வருகிறது. தேவனாம்பட்டினத்தில் தினமும் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கிற பையனும் மலைக்கு நடுவில்தான் அதை வைத்தான். நாம் சொல்லிக்கொடுத்த படம் அது, அவன் படம் அல்ல. தவிர, கையில் ரப்பர் இருந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போய்விடுகிறது.

பேஸ்டலில் அந்தத் தொல்லை இல்லை. மெழுகும் எண்ணெயும் வண்ணப்பொடியும் கலந்த மெத்தென்ற குச்சி. ரப்பர் போட்டால் அப்பிக்கொள்ளுமே தவிர அழியாது. கிரேயான் மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை, பட்டாலே ஒட்டும். காகிதத்தை உரித்துவிட்டுக் குச்சியைப் படுக்க வைத்து இழுத்தால் ஒரே இழுப்பில் அரை வானம் வந்துவிடும். விரலால் தேய்த்தால் இரண்டு வண்ணம் ஒன்றோடொன்று கரையும். இந்தத் தேய்ப்பில்தான் பிள்ளைகள் அமைதியாகிறார்கள். உள்ளே நுழையும்போது கத்திக்கொண்டிருந்த வகுப்பில் பத்து நிமிடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் தாள் முழுக்கப் பழுப்பு வண்ணத்தை அப்பி வைத்திருந்தான். வேறொன்றுமே இல்லை. வெள்ளம் வடிந்த சேறு என்று நானாக முடிவுகட்டிக்கொண்டு, "தண்ணி வந்தது ஞாபகம் வருதாப்பா?" என்றேன். என்னை விநோதமாகப் பார்த்தான். "இது எங்க நாய், டீச்சர். அது வயித்துல தலை வச்சுப் படுத்தா இப்படித்தான் தெரியும்."

அன்றிலிருந்து நாங்கள் யாரும் படத்துக்கு அர்த்தம் சொல்வதில்லை. கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று மொபைலில் வருவதை நீங்களும் நம்ப வேண்டாம். சில சமயம் பெட்டியில் கறுப்புதான் மிச்சமிருந்திருக்கும்.

படம் வீட்டுக்கு வரும்போது "என்ன இது?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். "சூப்பர்" என்ற ஒரு வார்த்தையோடு முடித்துவிடாதீர்கள். "கடல் பச்சையாவா இருக்கும்?" என்று திருத்தவும் வேண்டாம். ஒரு சிறுமி எதையோ வரைந்து, அதன்மேல் நீலத்தைப் பூசி முழுசாக மூடிவிட்டுத்தான் தாளைக் கொடுத்தாள். அடியில் என்ன இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படி ஏதாவது உங்கள் வீட்டுக்கு வந்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். அப்புறம், தயவுசெய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பிள்ளை சம்மதிக்காமல் பள்ளிச் சுவரில்கூட நாங்கள் ஒட்டுவதில்லை.

படத்தை மட்டும் வைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விட்டிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்திருக்கிறது, பள்ளிக்கு வரவே அழுகிறது என்று சில வாரம் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ வந்து சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். எங்கள் வகுப்பு சிகிச்சை அல்ல. அதற்குப் படித்தவர்கள் வேறு.

சரி, கறை. கையில் ஒட்டியதற்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள். துணியில் பட்டிருந்தால் முதலில் ஸ்பூனால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தடவி ஊற வைத்துத் துவைக்கலாம். இதைவிட எளிது, வெள்ளிக்கிழமை அப்பாவின் பழைய சட்டை ஒன்றைப் பையில் வைத்து அனுப்புவது. பேஸ்டலை வெயில் படும் ஜன்னலில் வைத்தால் இளகிவிடும். சாக் பேஸ்டல் வாங்கித் தர வேண்டாம், அதன் தூள் வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. ஆயில் பேஸ்டலும் தனியாக வாங்கத் தேவையில்லை, பள்ளியிலேயே இருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேச்சைத் தொடங்கும் முன் 20 நிமிடம் உங்களுக்கும் தாளும் பேஸ்டலும் தரப்போகிறோம். யாரும் வெள்ளை வேட்டியில் வர வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்