திகில் பட டிஸ்க் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கையின் நகல் போய்ச் சேரும். படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனால் விதி அப்படி.

செயற்குழு முறைப்படி கூடியது. சில கூட்டங்களில் கோரத்துக்கு வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை சேரவில்லை. மாதத் திரையிடல்கள் தடையின்றி நடந்தன. இதழ் இந்த ஆண்டும் வரவில்லை.

திரையிடல்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். 'நோஸ்ஃபெராட்டு' (1922) போட்ட அன்று, உறுப்பினர் ஒருவர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்த பழைய டிவிடியே திரையேறியது. வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதி. அந்தக் காலத்தில் இரவுக் காட்சியைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிரிண்டில் நீலச் சாயம் ஏற்றித்தான் இரவாக்கினார்கள். சாயம் போன பிரதியில் என்ன ஆகும்? வெயில் பட்டால் மாய்ந்துபோக வேண்டிய ரத்தக்காட்டேரிப் பிரபு, தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடக்கிறார். பின்வரிசையில் ஒரே சிரிப்பு. சாயத்தோடு மீட்டெடுக்கப்பட்ட பதிப்பு அப்போது நம் அலமாரியிலேயேதான் இருந்தது. அது இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. சரியான பதிவேடு வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொல்லிவந்தது இதற்காகத்தான்.

இனி அந்தப் பதிவேடு. புதிதாக எழுதும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் ஒப்படைத்தது. வேறு யாரும் கை தூக்கவில்லை. பழைய பதிவேட்டில் படத்தின் பெயர், ஆண்டு, டிவிடியா ப்ளூரேயா என்பதோடு சரி. புதியதில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். எந்த எடிட், எத்தனை நிமிடம், படம் ஓடும்போதே கூடவே ஒலிக்கும் கமெண்டரியில் பேசுவது யார் யார், நீக்கிய காட்சிகள் உண்டா, படம் உருவான கதை சொல்லும் மேக்கிங் எவ்வளவு நேரம், புக்லெட் இருக்கிறதா, பெட்டியின் மேலுறையான ஸ்லிப்கவர் கிழிந்திருக்கிறதா, எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் ரீஜன் என்ன, டிஸ்க்கில் கீறல் உண்டா என்று எல்லாம் அதில் ஏறியிருக்கிறது.

"ஒரே படத்துக்கு இத்தனை பக்கமா?" என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். பெயர் வேண்டாம், இன்றும் வரவில்லை. படம் இன்னும் துல்லியமாகத் தெரியும் புதிய 4கே டிஸ்க் வந்ததும் பழையதைக் கழித்துவிட்டால் அலமாரியில் இடம் கிடைக்கும், செயலாளருக்கும் வேலை குறையும் என்பது அவர் கட்சி. நான் அங்கேயே பதில் சொன்னேன். ஆனால் இணைச் செயலாளர் எழுதிய நடவடிக்கைக் குறிப்பில் அது 'விவாதிக்கப்பட்டது' என்று மட்டுமே இருப்பதால் இங்கே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

'ஹாலோவீன்' (1978) படத்தை எடுத்துக்கொள்வோம். 1994இல் அமெரிக்க டிஸ்க் நிறுவனமான கிரைட்டீரியன் வெளியிட்ட லேசர்டிஸ்க்கில் இயக்குநர் ஜான் கார்ப்பென்டர், நடிகை ஜேமி லீ கர்ட்டிஸ், கார்ப்பென்டரோடு சேர்ந்து எழுதிப் படத்தைத் தயாரித்த டெப்ரா ஹில் மூவரின் கமெண்டரியும் உண்டு. 2013இல் 35ஆம் ஆண்டு ப்ளூரேக்காகக் கார்ப்பென்டரும் கர்ட்டிஸும் புதிதாக ஒன்று பேசினார்கள். டெப்ரா ஹில் 2005லேயே காலமாகிவிட்டார். படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்தப் புதிய கமெண்டரியில் அவர் குரல் எங்கிருந்து வரும்? நம் அலமாரியில் அந்தக் குரல் இருப்பது சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய அந்தப் பழைய டிஸ்க்கில் மட்டும்தான். அதைத்தான் இடத்தை அடைக்கிறது என்கிறார்கள்.

பழையது என்பதற்காகவே எதையும் நான் தூக்கிப் பிடிப்பதில்லை. ஜப்பானியப் படமான 'குவைடான்' (1964) கிரைட்டீரியனின் முந்தைய டிவிடியில் 161 நிமிடம். 2015 ப்ளூரேயில் இயக்குநரின் முழு வடிவம், 183 நிமிடம். இதில் புதியதே மேல் என்று பக்க ஓரத்தில் என் கைப்படவே எழுதியிருக்கிறேன். அதற்காக நீளமானதெல்லாம் உசத்தி என்றும் ஆகிவிடாது. 'டான் ஆஃப் தி டெட்' (1978) மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடியது 127 நிமிடம், கேன்ஸ் திரைப்பட விழாவுக்காக அவசரமாகத் தொகுத்தது 139, ஐரோப்பாவுக்காக இத்தாலிய இயக்குநர் டாரியோ ஆர்ஜென்டோ வெட்டியது 119. நீளமான அந்த 139ஐ 'இயக்குநரின் வடிவம்' என்று அட்டையில் போட்டு விற்றதுண்டு. படத்தின் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவோ 127தான் தனக்குப் பிடித்தது என்று சொல்லியிருக்கிறார். நிமிடக் கணக்கு இல்லாத பதிவேட்டில் இந்த மூன்றும் ஒரே வரி.

நிமிடக் கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. சங்கத்தின் ஐரோப்பிய டிவிடி ஒன்றில் நாலு நிமிடம் குறைகிறது, தணிக்கையில் வெட்டியதை வாங்கிவைத்துச் செயலாளர் பணத்தைப் பாழாக்கிவிட்டார் என்று எழுத்துமூலமாக ஒரு புகார் வந்தது. எதுவும் வெட்டப்படவில்லை. விநாடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படம் ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கான பேல் முறையில் 25 சட்டகமாக ஓடும். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று கேட்கும், அவ்வளவுதான். புகார்தாரருக்குப் பதில் எழுதிவிட்டேன். அவரிடமிருந்து பதிலும் வரவில்லை, சந்தாவும் வரவில்லை.

பராமரிப்பு பற்றிச் சிலது. 2002இல் வந்த 'தி ஈவில் டெட்' படத்தின் 'இறந்தோர் நூல்' பதிப்பைப் பார்க்காத உறுப்பினர் இருக்க மாட்டார். படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்த டாம் சலிவனே வடித்த முகம், தோல் போன்ற லேடெக்ஸ் அட்டை. ரப்பருக்குக் காற்றும் வெப்பமும் வெளிச்சமும் எமன். முகத்தின் மூக்கோரம் வெடித்து, தொட்டால் விரலில் பழுப்பாக ஒட்டுகிறது. கன்னம் இறுகிப் பொருக்குத் தட்டுகிறது. பெட்டியைத் திறந்தால் வாடை தனி. பக்கத்தில் இருந்த ஸ்டீல்புக் என்ற உலோகப் பெட்டிகளை வேறு தட்டுக்கு மாற்றி, இதை அமிலமில்லாத தாளில் சுற்றி இருட்டில் வைத்திருக்கிறேன். இரவல் கிடையாது. "படத்தில் வருகிற புத்தகம் போலவே பூட்டிவைத்துவிட்டாரே" என்ற கிண்டல் என் காதுக்கும் வந்தது. பரவாயில்லை.

நன்கொடைகளுக்கு நன்றி. ஆனால் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தை இனி யாரும் தயவுசெய்து தர வேண்டாம். வெளியீட்டுக்கு முன் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையோடு பதிப்புரிமைக் குறிப்பும் போய்விட்டது. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தானது. யார் வேண்டுமானாலும் டிஸ்க் போட்டார்கள். மூன்றாம் தலைமுறை வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து எடுத்தது, வண்ணமடித்தது, ஓரம் வெட்டியது என்று ஒவ்வொரு நன்கொடைப் பெட்டியிலும் அது ஒன்று வருகிறது. நம்மிடம் கிரைட்டீரியனின் 2018 பதிப்பு இருக்கிறது. மூல நெகட்டிவிலிருந்து 4கேயில் மீட்டது. 'நைட் ஆஃப் அனுபிஸ்' என்ற தலைப்பு இருந்த காலத்து ஒர்க் பிரிண்டும், அதாவது தொகுப்பு வேலைக்கான பிரதியும், போனஸாக உண்டு. அது போதும்.

கமெண்டரி மாலை என் யோசனை. அதனாலேயே அதன் கதி பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது. 'தி திங்' (1982) படத்தை அதன் இயக்குநர் கார்ப்பென்டர், நடிகர் கர்ட் ரஸ்ஸல் இருவரின் கமெண்டரியோடு போட்டோம். நண்பர்கள் இருவர் பேசிச் சிரித்துக்கொண்டே பார்க்கிற அந்தக் கமெண்டரிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். நம் அரங்கில் வரிசைக்கு ஒருவர் தேறவில்லை. அடுத்த வாரம் அதே படத்தைக் கமெண்டரி இல்லாமல் போட்டபோது நாற்காலி பற்றவில்லை. போனஸுக்காகவே சேகரிக்கிறோம் என்று சங்க நோக்கத்தில் முதல் வரியாக எழுதி வைத்திருப்பவர்கள் நாம்.

இரவல் விஷயத்தில் நயமாகப் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. டிஸ்க் திரும்புகிறது, புக்லெட் திரும்புவதில்லை. பாக்ஸ் செட் திரும்புகிறது, இரண்டாம் டிஸ்க் யார் வீட்டு பிளேயரிலோ தங்கிவிடுகிறது. ஸ்லிப்கவரைக் கழற்றி வைத்துவிட்டு "அது முதலிலேயே இல்லையே" என்று சாதிக்கிறார்கள். இனி அது நடக்காது. இருந்ததா இல்லையா என்பதைப் பதிவேடு சொல்லும்.

கணக்கு. வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய எதிர்பார்த்தபடி, கையிருப்பு நெருக்கடியில் இல்லை, தெம்பாகவும் இல்லை. சந்தா நிலுவை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. நிலுவை வைத்திருப்பவர்களில் சிலர் லிமிடெட் எடிஷன் அறிவித்த அன்றே முன்பதிவு செய்துவிடுபவர்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு ரீஜன் பூட்டு இல்லாத பிளேயர் ஒன்று அவசியம். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது, எங்கும் ஓடும். ஆனால் போனஸ் பெரும்பாலும் கூடவே வருகிற ப்ளூரேயில் இருக்கிறது; அதற்கு ஏ, பி, சி என்று மூன்று ரீஜன். படத்தைப் பார்த்துவிடுகிறோம், போனஸ் டிஸ்க்கைப் போட்டால் 'இந்தக் கருவியில் இயங்காது' என்று திரை சொல்கிறது. பதிவேட்டில் பல பக்கங்கள் 'சரிபார்க்க இயலவில்லை' என்று பாதியில் நிற்பது இதனால்தான். நிலுவையில் பாதி வந்தாலே பிளேயர் வாங்கிவிடலாம் என்று பொருளாளர் கருதுகிறார்.

செயலாளர் பொறுப்புக்கு இந்த முறை நான் மனுத் தாக்கல் செய்வதாக இல்லை. பதிவேட்டை முடிக்கத் துணைக்கு இருவர் முன்வந்தால் இதை மறுபரிசீலனை செய்யத் தயார். பொறுப்பேற்க வேறு யாரேனும் விரும்பினால் பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் லேடெக்ஸ் அட்டையையும் சேர்த்தே ஒப்படைக்கிறேன்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், குறிப்பைச் சுருக்கமாக எழுதிய இணைச் செயலாளருக்கும், அரங்கு தந்து உதவியவர்களுக்கும், திரையிடலுக்குப் பின் நாற்காலிகளை அடுக்கிய ஓரிருவருக்கும் நன்றி. நிலுவைப் பட்டியலை இந்த அறிக்கையோடு இணைக்கவில்லை. அது என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு நானும் பொருளாளரும் இருப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்