வீடு தேடிச் செல்லும் பணி நின்றுவிடாதிருக்க: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊரிலும் அடுத்துள்ள நான்கு சிற்றூர்களிலுமாக 23 மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கு இயன்முறை மருத்துவர் ஒருவரையும் பராமரிப்பு உதவியாளர் இருவரையும் அனுப்பிவருகிறோம். இப்பணிக்கான கையிருப்பு பிப்ரவரி மாதச் சம்பளத்துக்குப் பின் அரைகுறையாகவே மிஞ்சும் என்பதைத் தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

இந்தப் பணி நம் தென்காசிச் சீமைக்குப் புதிதன்று. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நம் ஊரிலும் இனிப்பு வழங்கினோம். போலியோ தாக்கிய பிள்ளைகளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அங்கே அழைத்துச் சென்ற பெரியவர்கள் இன்றும் நம் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கதையைத் தொடங்கிவிட்டால் கூட்டம் முடிய இரவு பத்து மணியாகிவிடும்.

ஆனால், கட்டிலைவிட்டு இறக்கவே முடியாதவர்களை எந்த கேரியரில் ஏற்றுவது? பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு ஒடிந்த ஒருவர் ஒன்பது ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். புரட்டுபவர் எழுபது வயதைக் கடந்த அவருடைய தாயார். நம் உதவியாளர் காலையில் போனதும் முதலில் படுத்திருப்பவருடைய குதிகாலையும் இடுப்பெலும்பையும் தடவிப் பார்க்கிறார். தோல் சிவந்திருந்தால் அந்தப் பக்கம் அழுந்தாதபடி தலையணையை மாற்றி வைக்கிறார். உதவியாளர் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் தாயார் குளித்துச் சாப்பிடுகிறார். அரசு வழங்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மருந்துக்கும் டியூப்புக்குமே சரியாகிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமுதாயத்தில் வாழும் உரிமை உண்டு என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. அந்த உரிமையை அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

மாதச் செலவு: இயன்முறை மருத்துவருக்கு 20,000, உதவியாளர் இருவருக்கு 17,000, ஆட்டோவுக்கு 7,000, பஞ்சு, மருந்து, டயாப்பர் வகைக்கு 6,000, ஆக 50,000 ரூபாய். மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதத்துக்குத் தேவை 3,00,000. அதற்கென இருப்பது 82,000. துண்டு விழுவது 2,18,000.

இதுவரை தாங்கியவர்களை மறக்க முடியாது. வாரக் கூலியில் ஆளுக்குப் பத்து ரூபாய் எடுத்துவைத்து, ஒரு வாரமும் தவறாமல் கொடுத்துவரும் கீழத்தெருப் பீடித் தொழிலாளிச் சகோதரிகளுக்கு முதல் நன்றி. சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் நோன்பு மாதத்தில் ஜகாத் தொகையை அனுப்பிய சகோதரர்களுக்கும், மகன் திருமணத்தில் விருந்தைச் சுருக்கி சக்கர நாற்காலிகள் மூன்றை வாங்கித் தந்த அரிசி ஆலைக் குடும்பத்தாருக்கும், கல்லாவின் பக்கத்திலேயே உண்டியலை வைத்துச் சில்லறையைக் கேட்டு வாங்கிப் போடும் தேநீர்க் கடைக்காரருக்கும், வாடகையைப் பாதியாக்கிக்கொண்ட ஆட்டோ ஓட்டுநருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சென்ற பங்குனி உத்திரத்தன்று வாணவேடிக்கைக்கு மட்டும் ஒன்றரை லட்சம் திரட்டிய ஊர் இது. முருகன் அதைக் கேட்டானா என்று நாங்கள் சொல்லத் துணியவில்லை. அந்தச் சத்தத்தில் வலிப்பு கண்ட குழந்தை இருந்த வீடு எதுவென்று உதவியாளருக்குத் தெரியும். மேலும், பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்ன 11 பேரிடமிருந்து 96,000 ரூபாய் இன்னும் வரவில்லை. பெயர்களை வாசிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

பிப்ரவரி 28ஆம் தேதிக்குள் தொகையைப் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு மாதச் செலவு ஏறத்தாழ 2,175 ரூபாய். ஒரு வீட்டை மட்டும் ஏற்றுக்கொள்ள விரும்புவோரும் சொல்லலாம். பணமாகத் தர இயலாதவர்கள் பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்துத் தந்தாலும் படுக்கை விரிப்புக்கு உதவும். வரவு செலவுக் கணக்கு சத்திரத்துச் சுவரில் மாதந்தோறும் ஒட்டப்படுகிறது.

இப்படிக்கு,
வீட்டுவழிப் பராமரிப்புக் குழுவினர்