பூங்கிளையில் கட்டிய கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஹெய்யான் காலத்து (8–12ஆம் நூற்றாண்டு) ஜப்பானிய அரசவை பற்றிய கட்டுரையைப் படித்தேன். பட்டாடைகளை விரிவாக எழுதியவர், கவிதையை இரண்டே வரியில் முடித்துவிட்டாரே என்ற ஆதங்கம் எனக்கு. பேரரசரின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட ‘கொகின்ஷு’ என்ற கவிதைத் தொகுப்பின் 20 பாகங்களில் முதல் ஆறும் பருவங்களுக்கே. வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் இரண்டிரண்டு. கோடைக்கும் குளிருக்கும் ஒவ்வொன்றுதான். மலர்வதிலும் உதிர்வதிலும் அவர்களுக்கு அப்படியொரு மயக்கம்! கடிதம் எழுதினால்கூட, பருவத்துக்கேற்ற நிறத்தில் தாளெடுத்து, நறுமணமூட்டி, பூத்த கிளையொன்றில் கட்டி அனுப்புவார்கள். கிளை பொருந்தாவிட்டால் எழுதியவரின் ரசனைக்கே இழுக்கு. அக்கால அரசவைப் பெண் எழுத்தாளர் முரசாகி ஷிகிபுவின் ‘கெஞ்சியின் கதை’ (The Tale of Genji) என்ற புதினத்தில் இத்தகைய கடிதங்கள் நிறைய வருகின்றன. அவற்றில் சிலவற்றையாவது தமிழில் வெளியிடுங்கள்.

– வாசகி, கும்பகோணம்