பாப்பாவுக்கு, அந்த அட்வான்ஸ் விஷயமாக

பாம்பன்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, நடுவில் சிக்னல் போய், கடைசியில் எல்லாம் "சாப்பிட்டியா"வில் வந்து முடிகிறது. குழுவுக்கு வரவு செலவு எழுதுகிற நோட்டின் கடைசித் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். கோடு போட்ட தாள், அதனால் வரி நேராக இருக்கும். மற்றது எப்படி வருதோ அப்படித்தான்.

ஆறு பாட்டுக்கு ஒரு பாட்டுக் கம்பெனி நாலு லட்சம் அட்வான்ஸ் தருகிறது என்று வியாழக்கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்கு வேலையில் கை நிற்கவில்லை. சந்தோஷமா, பயமா என்று பிரிக்கவும் தெரியவில்லை. அட்வான்ஸ் என்கிற வார்த்தை எனக்குப் புதுசில்லை, பாப்பா. அதில் உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

போன தடவை வந்தபோது, கரண்டு போன ராத்திரி வாசலில் உட்கார்ந்து ஓர் அமெரிக்கப் பாட்டுக்காரியைப் பற்றிச் சொன்னாயே, ஆனி டிஃப்ராங்கோ. நீ போனபின் நான் தம்பியை விடவில்லை. செல்லில் தேடித் தேடிப் படித்துச் சொல்லச் சொன்னேன். "படிக்கிற காலத்துல என்னைய இப்படிப் படிக்க வைக்கலியே" என்று சலித்துக்கொண்டுதான் படித்தான்.

1970ல் பஃபலோ என்கிற ஊரில் பிறந்தவளாம். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஒன்பது வயதில் கிட்டார் பிடித்திருக்கிறாள். பதினைந்து வயதில் தாய் வேறு மாநிலத்துக்குக் குடிபோக, இவள் வரமாட்டேன் என்று அந்த ஊரிலேயே தனியாக நின்றுவிட்டாள். கேட்டதும் அந்தத் தாய் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாளா ஒருத்தி? அப்புறம், பத்தொன்பது வயதில் நீ கிட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரயிலேறிய நாள் ஞாபகம் வந்தது. தம்பியிடம் மேலே படிடா என்றேன்.

1990ல் ரைட்டியஸ் பேப் என்று சொந்தமாக ஒரு கம்பெனி பேர் வைத்துக்கொண்டு, தன் முதல் கேசட்டைத் தானே வெளியிட்டாள். அதே 1990ல்தான் நான் உன் அம்மாச்சி கூடக் கடல்பாசி எடுக்க முதன்முதலாக இறங்கினேன். பதினேழு வயது. ஆக, அவள் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் ஒரே வயசு. அவள் இருபதுக்கு மேலே ஆல்பம் போட்டுவிட்டாள். நான் எத்தனை ஆயிரம் கிலோ மரிக்கொழுந்துப் பாசி எடுத்தேன் என்பதற்குக் கணக்கு இல்லை. அப்போதே கணக்கு எழுதியிருந்தால் பல விஷயம் தப்பியிருக்கும்.

நீ சொன்னதில் என் மனதில் ஒட்டிக்கொண்டது அவள் விரல். கம்பியைச் சொடுக்கிச் சொடுக்கி அடிக்கிற வாசிப்பாம் அவளுடையது. நகம் நிற்காது என்று பொய் நகத்தைப் பசை வைத்து ஒட்டி, அதன்மேல் கரண்டு டேப்பைச் சுற்றிக்கொள்வாளாம். நீ சின்னப் பிள்ளையில் எனக்குத் துணி சுற்றிவிட்டது நினைவிருக்கிறதா? விடியுமுன்னே லாந்தரை வைத்துக்கொண்டு, பழைய லுங்கியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, முதலில் கட்டைவிரல், அப்புறம் ஆட்காட்டி, அப்புறம் நடுவிரல். நுனியை இறுக்கி, கணுவில் தளர்த்தி, முடிச்சு உள்ளங்கைப் பக்கம் வராமல். கணுவை இறுக்கிவிட்டால் தண்ணீர் பட்டதும் துணி சுருங்கி விரல் மரத்துப்போகும். ஆறு வயதில் உனக்கு அது சரியாக வந்தது. மரிக்கொழுந்து கல்லை விட்டு லேசில் வராதே. துணி இல்லாமல் ஒருநாள் பறித்தால் மறுநாள் உப்பைத் தொட முடியாது.

அவளைக் கேள்விப்பட்ட பின் நானும் கரண்டு டேப் வாங்கிச் சுற்றிக்கொண்டு ஒருநாள் இறங்கினேன். அரைமணி நேரம் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மேடைக்கு அது சரி. தண்ணீருக்குத் துணிதான். வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு குருசடைத் தீவு வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது அந்த அட்வான்ஸ்.

உன் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்த வருஷம், ஒரு பாசி வியாபாரியிடம் இருபத்தையாயிரம் வாங்கினேன். யார் என்று எழுத மாட்டேன், அவர் பிள்ளைகள் இப்போது நல்லபடி இருக்கிறார்கள். வட்டி கிடையாது என்றார். ஒரே ஒரு கண்டிஷன், எடுக்கிற பாசி முழுக்க அவருக்கே போட வேண்டும். நல்ல மனுஷர் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அதன்பின் விலை அவர் சொன்னதுதான். ஈரம், மணல், கல் என்று கழிவு போட்டு, நூறு கிலோ கொண்டுபோனால் சிட்டையில் எண்பதுதான் ஏறும். ஏன் என்று கேட்க வாய் வராது, காசு வாங்கியிருக்கிறோமே. இதில் சூட்சுமம் என்ன தெரியுமா, அசலை அவர் கேட்கவே மாட்டார். நானாகக் கொண்டுபோனாலும், "என்ன அவசரம், பிள்ளைகளுக்குச் செய்யி தாயி" என்பார். அசல் நிற்கிற வரைக்கும் பாசி அவருக்குத்தானே. ஏழு வருஷம் அப்படிப் போனது.

பத்தாவது முடித்துவிட்டு நீ கிட்டார் கேட்டாய். கோயில் பாடகர் குழுவில் இருந்த அந்தப் பழைய கிட்டாரில் ஒரு கம்பி அறுந்து, அப்பாவிடம் மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பு வாங்கிக் கட்டி வாசித்துக்கொண்டிருந்தாய். சொந்தமாக ஒன்று வேண்டும் என்றாய். "கிட்டாரு சோறு போடுமா" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ அதை ஒரு பாட்டிலேயே வைத்துவிட்டாய், தம்பி போட்டுக் காட்டினான். அன்றைக்குக் காலையில் சிட்டையைக் கூட்டிப் பார்த்திருந்தேன், பாப்பா. ஏழாவது வருஷம். வாங்கினது இருபத்தையாயிரம், நிற்பதும் இருபத்தையாயிரம். கத்தியதற்கு உன் கிட்டார் காரணமில்லை.

மீண்ட கதை சுருக்கம்தான். குழுவில் கடன் எடுத்து, ஐந்து பேராகச் சேர்ந்து போய் அசலை எண்ணி வைத்துவிட்டு வந்தோம். ஐந்து பேர் வந்து நின்றபோது அவரால் "என்ன அவசரம்" என்று சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அதே பாசிக்கு வேறு ஆளிடம் கூடுதல் விலை, கழிவும் பாதி.

உங்கள் தொழிலில் அட்வான்ஸ் எப்படி என்று தம்பியைக் கேட்டேன். கம்பெனி கொடுக்கிற பணத்தைப் பாட்டு வருமானத்தில் உன் பங்கிலிருந்து முதலில் கழித்துக்கொள்வார்களாம். ஸ்டுடியோ செலவு, வீடியோ எடுத்த செலவில் பங்கு, இதெல்லாமும் பல ஒப்பந்தத்தில் உன் கணக்கில்தான் ஏறுமாம். அட, நம்ம சிட்டைதான் என்று நினைத்தேன். ஆனால் அடுத்து அவன் சொன்னதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடன் முழுக்கத் தீர்ந்த பிறகும் அந்தப் பதிவு, மாஸ்டர் என்கிறார்களே அது, கம்பெனிக்கே சொந்தமாக இருக்கலாமாம். நம் வியாபாரிகூட அசலைக் கட்டின மறுநாள் கடலைக் கேட்கவில்லையே! பிரின்ஸ் என்று ஒரு பெரிய பாடகர், கம்பெனியோடு இதே சண்டையில் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினாராம். அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தக் கதி.

டிஃப்ராங்கோவைக் கம்பெனிகள் கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டும் போகவில்லை. காரில் ஊர் ஊராகப் போய் வாசித்து, கேசட்டை அங்கேயே விற்றிருக்கிறாள். ஜோன் ஜெட் என்கிற இன்னொரு ராக் பாட்டுக்காரி கதை வேறு மாதிரி. அவளை 23 கம்பெனி வேண்டாம் என்றது. வேறு வழியில்லாமல் சொந்தமாகப் போட்டு, கார் டிக்கியிலிருந்து எடுத்து விற்றாள். 1982ல் அவள் பாட்டு அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. தம்பிக்கு ஜோன் ஜெட்டைத்தான் பிடிக்கிறது. எனக்கு மற்றவளைத்தான். கதவைச் சாத்தின பிறகு வேறு வழி தேடுவதை யாரும் செய்வார்கள். திறந்து வைத்திருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல வயிற்றில் தெம்பு வேண்டும்.

டிஃப்ராங்கோ தன் ஊரில் இடிக்க இருந்த பழைய வேதக்கோயில் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து, 2006ல் அதையே கச்சேரி மண்டபமாகவும் கம்பெனி ஆபீஸாகவும் ஆக்கிவிட்டாளாம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். உயரமான கல் கோபுரம், கூர்மையாக. கோயிலில் ராக் பாட்டா என்று முதலில் ஒரு மாதிரி இருந்தது. நீ தங்கூசி கட்டி வாசித்ததும் கோயிலில்தானே என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தேடும்போது இன்னொருத்தி கிடைத்தாள், உனக்குத் தெரிந்திருக்கும், சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1915ல் பிறந்த கறுப்பினப் பெண். தாய் பருத்தி எடுத்தவள், மாண்டலின் வாசித்து ஊர் ஊராக வேதம் சொன்னவள், ஆறு வயதிலேயே மகளையும் கூட்டிக்கொண்டு திரிந்தவள். அந்தத் தாயை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1964 மே மாதம் இங்கிலாந்தில் மான்செஸ்டரில், ரயில் ஓடாத ஒரு ஸ்டேஷனில் அவள் பாடிய வீடியோவைத் தம்பி காட்டினான். குதிரை வண்டியில் வந்து இறங்குகிறாள். நல்ல மழை. ஜனங்கள் எதிர் பிளாட்பாரத்தில். கோட்டும் ஹீல்ஸ் செருப்புமாக, வெள்ளை கிட்டாரை மாட்டிக்கொண்டு அவள் அடிக்கிற அடியைப் பார்த்து உன் அம்மாச்சி தலையாட்டினாள். எந்த வருஷம் என்று கேட்டாள். சொன்னேன். "அந்த டிசம்பர்லதான் நம்ம டேசன் போச்சு" என்றாள். தனுஷ்கோடியைச் சொல்கிறாள். பத்து வயதில் புயலோடு பாம்பனுக்கு வந்தவள் இல்லையா. அதன்பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. ரொசெட்டா 1973ல் இறந்து, முப்பது வருஷத்துக்கு மேல் கல்லறையில் பேர் எழுதின கல்கூட இல்லாமல் கிடந்திருக்கிறாள். ராக் பாட்டின் பெரியவர்கள் வரிசையில் அவள் பெயரைச் சேர்த்தது 2018ல்தான்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. வாடகை, மேடைக்கு வாடகை வண்டி, கூட வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சம்பளம், எல்லாம் எனக்குத் தெரியும். அட்வான்ஸே வாங்காமல் உன் அப்பாவைக் காப்பாற்றியிருக்கவும் முடியாது. ஆனால் எத்தனை வருஷத்துக்கு என்று எழுதியிருக்கிறதா பார். மாஸ்டர் எப்போது உன் கைக்குத் திரும்பும் என்று கேள், வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, தாளில் வரட்டும். கணக்கை எப்போது காட்டுவார்கள், அதைப் பார்க்க உனக்கு உரிமை உண்டா என்றும் கேள். தனியாகப் போகாதே. கூட வாசிக்கிறவர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போ. ஐந்து பேர் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு. டிஃப்ராங்கோவுக்கு 2005ல் கை நரம்பு வீங்கி மாதக்கணக்கில் வாசிக்காமல் நிறுத்த வேண்டி வந்ததாம். உனக்கு மணிக்கட்டில் வலி என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. நாங்கள் பாசிக்குப் போவது மாதத்தில் 12 நாள். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. நாங்களே பேசி வைத்துக்கொண்டது, பாசி மறுபடி வளர வேண்டாமா. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015ல் அமெரிக்கா போய், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி பரிசு வாங்கி வந்தார்களே, அவர்கள் வாங்கினது இந்த மாதிரி வேலைக்குத்தான். உன் கைக்கும் நாள் விடு. அப்புறம் காதில் பஞ்சு வை, இல்லாவிட்டால் அதற்கென்று விற்கிறதை வாங்கு. முங்கி முங்கி என் வலது காது பாதிதான் கேட்கிறது. நீ மேடையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

உண்மையைச் சொல்கிறேன், உன் பாட்டில் சில எனக்குப் பிடிக்கவில்லை. டிரம்ஸ்காரத் தம்பி உன் குரலை முழுங்கிவிடுகிறான். அந்த மூன்றாவது பாட்டு, கச்சான் காற்று அடிக்கிற மாதிரி ஆரம்பித்து, பிறகு சத்தம் எல்லாம் அடங்கி நீ மட்டும் ஒரு கம்பியில் நிற்பாயே, அது பிடித்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கம்பெனிக்குக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். அப்படிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்.

பஸ்ஸில் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுகிறேன். தாளை எடுத்துக்கொண்டு நேரில் வந்தால் தேவலை, தம்பியை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிடலாம். அமாவாசை அடுத்த வியாழன். திங்களுக்குள் வந்தால் நான் வீட்டில் இருப்பேன். அதற்கப்புறம் ஆறு நாள் ராத்திரி நாலு மணிக்கே வள்ளம்.

அம்மா